மூச்சை எண்ணும் வேலை

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால், மேற்குத் தொடர்ச்சி மலை, செண்பகத்தோப்பு, அய்யனார் அருவி, நல்ல காற்று என்று அடுக்குவார்கள். உள்ளூர் மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்க்கும் செவிலியருக்கு அந்தக் காற்றின் இன்னொரு கணக்கும் தெரியும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பு பஞ்சோடும் நூலோடும் பின்னிக் கிடக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்து தள்ளுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பெரிய வாணலியில் பால் சுண்டுவது பல இடங்களில் இன்றும் விறகடுப்பில்தான். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சிவகாசிப் பட்டாசு ஆலைகள். பஞ்சுத் தூசி, விறகுப் புகை, வெடிமருந்து: மூன்றும் போய்ச் சேரும் இடம் நுரையீரல்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை லேசானதல்ல. 2016ஆம் ஆண்டுக்கான நோய்ச்சுமை ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருப்பதாக மதிப்பிட்டது. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான ஆயுளில் நம் பங்கு 32 சதவீதம்.

இந்த நோயாளிகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கொரோனாவைப் பார்த்த எவரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ஆக்சிஜன். அது உண்மையில் பாதிதான். 2021க்குப் பிறகு மாவட்ட மருத்துவமனைகளில் ஆக்சிஜன் உற்பத்திக் கலன்களும் படுக்கைக்குப் படுக்கை குழாய்களும் வந்துவிட்டன. அந்தக் குழாயிலிருந்து யாருக்கு, எவ்வளவு, எந்த முகமூடி வழியாகத் தருவது, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று 24 மணி நேரமும் கவனித்துக்கொண்டிருப்பவர் செவிலியர். மூச்சுக்கான மருத்துவத்தில் இன்று பற்றாக்குறையாக இருப்பது வாயுவை விட அந்தக் கவனிப்புதான்.

முதல் நிமிடம்

செவிலியர் கல்வியின் பாடத்தில் மூச்சு முதலிடம் பிடித்து வெகுகாலம் ஆகிறது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் கையேட்டின் முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியது. நோயாளிக்குக் குளிர் தட்டாமல், அவர் சுவாசிக்கும் காற்றை வெளிக்காற்றின் அளவுக்குத் தூய்மையாக வைப்பதுதான் செவிலியரின் முதல் கடமை என்றார் அவர். இருபதாம் நூற்றாண்டில் வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று 14 இனங்களைப் பட்டியலிட்டபோது, உணவுக்கும் உறக்கத்துக்கும் முன்னால் ‘இயல்பாக மூச்சுவிடுதல்’ என்பதை வைத்தார்.

ஆனால் வார்டு நடைமுறையில் அதிகம் ஏமாற்றப்படும் அளவும் மூச்சுதான். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் ஒருவர் நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, கடிகாரத்தோடு எண்ண வேண்டும். நேரமில்லாதபோது கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை மூச்சு விகிதத்தைப் ‘புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி’ என்றே அழைத்தது. பிரிட்டனின் மருத்துவர் கல்லூரி 2017இல் திருத்தி வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 மூச்சைத் தொட்டாலே அந்த ஓர் அளவுக்கு மட்டும் 3 மதிப்பெண், அதாவது உச்ச எச்சரிக்கை. ரத்த அழுத்தம் இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணம்.

அனுபவமுள்ள செவிலியர் எண்ணும் விதத்திலேயே ஒரு நயம் உண்டு. எண்ணப்போகிறேன் என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண் மட்டும் மார்பின் மேல் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை மட்டுமா கிடைக்கிறது? கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, மூக்கு விடைக்கிறதா, விலா இடுக்கு உள்ளே குழிகிறதா, ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று எல்லாமே தெரிந்துவிடும். “எப்பலருந்துண்ணாச்சி இப்படி இருக்கு?” என்று கேட்டு, “நேத்து ராத்திரி… படுக்க… முடியல சிஸ்டர்…” என்று துண்டுதுண்டாகப் பதில் வந்தால், விரலில் கருவி மாட்டுவதற்கு முன்பே அவருக்கு எந்தப் படுக்கை என்பது முடிவாகிவிடும்.

குழந்தைகளுக்கு இந்த எண்ணிக்கையே நோயறிதல். இருமலோ சளியோ உள்ள குழந்தை இரண்டு மாதத்துக்குக் கீழ் என்றால் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலே நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம சுகாதார செவிலியர் வீட்டுத் திண்ணையில், தாய் மடியில் குழந்தை அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துச் சட்டையைத் தூக்கி எண்ணுகிறார். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் உயிர் காக்கும் சோதனை அது.

எண்ணியபின் அடுத்த வேலை உட்காரவைப்பது. மூச்சுத் திணறுபவரை மல்லாக்கப் படுக்கவைப்பது உறவினர்கள் பாசத்தில் செய்யும் பெரிய தவறு. தலைப்பக்கத்தை 45 பாகைக்கு மேல் உயர்த்தி, முதுகுக்கும் கைகளுக்கும் தலையணை கொடுத்தால் உதரவிதானம் இறங்கி வேலைசெய்ய இடம் கிடைக்கும். முன்னால் ஒரு மேசையோ தலையணையோ போட்டு முழங்கைகளை ஊன்றிக் குனிந்து உட்காரச் சொன்னால், சி.ஓ.பி.டி. நோயாளியின் முகத்தில் சில நிமிடங்களிலேயே தெளிவு தெரியும். ஒரு நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது வழக்கம்; ரத்த ஓட்டம் கீழ்ப்பக்கத்துக்கு அதிகம் போவதால் காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடம் கூடும். உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதச் சொல்வது இன்னொன்று. காசு செலவில்லாத சிகிச்சைகள்தாம். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

மருந்தாக ஆக்சிஜன்

ஆக்சிஜனை மருந்தாக முறைப்படுத்தியதில் ஜே.எஸ். ஹால்டேனின் பங்கு பெரிது. முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் மூச்சுத் திணறிய வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1917இல் அதைப் பற்றி எழுதினார். மருந்து என்றால் அளவு உண்டு, அளவு மீறினால் விஷமும் உண்டு. இந்த எளிய உண்மை நடைமுறைக்கு வர அடுத்த நூறு ஆண்டுகள் போதவில்லை.

பெரும்பாலான நோயாளிகளுக்கு ரத்த ஆக்சிஜன் அளவு 94 முதல் 98 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பல ஆண்டுகள் பீடி பிடித்தோ அடுப்புப் புகையை இழுத்தோ சி.ஓ.பி.டி. முற்றியவருக்கு இலக்கு 88 முதல் 92தான். அதற்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் காற்றும் ரத்தமும் பொருந்தும் ஒழுங்கு குலைந்து கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கும். நோயாளி தூங்குவதுபோல் மயக்கத்தில் ஆழ்வார். உறவினர்கள் “இப்பத்தான் நிம்மதியா தூங்குறாரு” என்பார்கள். அந்தத் தூக்கத்தைச் சந்தேகிப்பவர்தான் நல்ல செவிலியர்.

இதற்கான உறுதியான சான்று ஒரு மருத்துவமனையில் கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மூச்சுத் திணறலோடு அழைத்த 405 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் தாராளமாக ஆக்சிஜன். மறுபிரிவுக்கு 88–92 என்ற இலக்கு வைத்து அளந்து கொடுத்த ஆக்சிஜன். 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த முடிவு: முதல் பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த பிரிவில் 4 சதவீதம். சி.ஓ.பி.டி. உறுதியானவர்களை மட்டும் பார்த்தால் 9க்கு எதிராக 2. புது மருந்து எதுவும் இல்லை. திருகைக் குறைத்து வைத்ததுதான் வித்தியாசம். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்த தமிழகத்துக்கு இந்த ஆய்வு நேரடிப் பாடம்.

கருவிகளும் அளவைப் பொறுத்தவை. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர்; அதற்கு மேல் திறந்தால் மூக்கு காய்ந்து எரியுமே தவிரப் பெரிய பயன் இல்லை. சாதாரண முகமூடிக்குக் குறைந்தது 5 லிட்டர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர், பை எப்போதும் உப்பியிருக்க வேண்டும். மொரான் காம்ப்பெல் 1960இல் அறிமுகப்படுத்திய வென்ச்சுரி முகமூடியில் நீல முனை 24 சதவீதம், வெள்ளை 28 என்று வண்ணத்துக்கு ஓர் அளவு, சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஏற்ற கருவி இது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் மூலத் தத்துவத்தை 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி உருவாக்கினார். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி ஓடிய மாதத்தில், அவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அந்தக் கருவியின் மேல் ஒரு கேள்வியை எழுப்பியது. கருவி 92–96 என்று காட்டியபோதும் தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறம் ஒளியைத் தடுக்கிறது. கரிசல் வெயிலில் வேலைபார்த்த கறுத்த விரல்களைத் தினமும் பிடிக்கும் தென் மாவட்டச் செவிலியருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. நகச்சாயமும் குளிர்ந்த விரலும் கணக்கைக் குழப்பும். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவரின் மருதாணி விரலும் சில சமயம் குழப்பலாம். கருவி 95 என்கிறது, நோயாளி நிமிடத்துக்கு 32 மூச்சு வாங்குகிறார் என்றால், நம்ப வேண்டியது நோயாளியை.

சிலிண்டர் கணக்கு

கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும் கொண்ட ஆக்சிஜன் சிலிண்டரில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. டி வகை பெரியது. நிரம்பியிருந்தால் சுமார் 7,000 லிட்டர் வாயு. பி வகை சிறியது. சுமார் 1,500 லிட்டர்.

கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். கடும் மூச்சுத் திணறலோடு ஒருவரை மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள், பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500ஐ 15ஆல் வகுத்தால் 100 நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு நெரிசல். மதுரைக்குள் நுழைந்து வார்டு வாசலில் இறக்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடலாம். ஒரு சிறிய சிலிண்டரை மட்டும் நம்பி அனுப்பினால் கடைசி இருபது நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் போக வேண்டியிருக்கும். கிளம்புமுன் மீட்டர் முள்ளைப் பார்த்து, மனக்கணக்குப் போட்டு, “இன்னொண்ணு ஏத்துங்க” என்று சொல்ல வேண்டியவர் அனுப்பும் செவிலியர். சாவி இருக்கிறதா, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லையே என்பவையும் அவர் பொறுப்பு. அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும்.

அதிவேக மூக்குக்குழாய்க் கருவி வந்தபின் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது. நிமிடத்துக்கு 60 லிட்டர், முழு ஆக்சிஜன் என்றால் ஒரு டி வகைச் சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 2021இன் இரண்டாம் அலையில் தமிழகம் பார்த்தது இதைத்தான். ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் உற்பத்தி செய்ய அனுமதித்தது. மே 13இல் முதல் லாரி 4.8 டன் திரவ ஆக்சிஜனோடு கிளம்பியது. ராக்கெட்டுகளுக்காக மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் இருந்த திரவ ஆக்சிஜனும் மருத்துவமனைகளுக்குப் போனது. மதுரைக்கு அருகே தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாக இயங்கியது. டன் கணக்கு செய்தியானது. ஒவ்வொரு படுக்கையிலும் இரவு முழுக்க நின்று 98 காட்டியவருக்கு 15 லிட்டரை 10 ஆக, 10ஐ 6 ஆகக் குறைத்து, அடுத்தவருக்கு மிச்சப்படுத்திய கைகள் செய்தியாகவில்லை. தேவைக்கு மேல் ஓடும் ஆக்சிஜனைக் குறைக்க மருத்துவமனைகளில் செவிலியரைக் கொண்டு படுக்கைவாரியாகத் தணிக்கை செய்யும் முறை அந்தக் காலத்தில்தான் பரவலானது.

பஞ்சு, புகை, தீ

எல்லா மூச்சுத் திணறலும் ஒன்றல்ல. மில் பகுதிச் செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்தக் கிழமை அதிகமா இருக்கு?” என்பதுதான். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயின் தொடக்க அடையாளம், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது. மறுநாள் தணிந்துவிடும். வருடங்கள் போகப்போக வாரம் முழுதும் நீடித்து, கடைசியில் வேலையை விட்டாலும் விடாது. பருத்தியோடு வரும் இலைத் துணுக்குகளில் ஒட்டிய பாக்டீரியாவின் நச்சு இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. தூசி அதிகம் பறக்கும் இடங்கள் பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமும், சீவும் கார்டிங்கும். அகமதாபாத் ஆலைகளில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், ப்ளோ பிரிவில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் கார்டிங்கில் 38 சதவீதம் பேருக்கும் இந்த நோய் இருந்தது. இன்றைய இயந்திரங்கள் தூசியை உறிஞ்சிவிடுகின்றன. ஆனால் பழைய எந்திரங்களில் இருபது முப்பது வருடம் உழைத்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டி, ‘ஆஸ்துமா’ என்ற ஒரே சொல்லோடு வார்டுக்கு வருகிறார்கள்.

விறகுப் புகையில் வாடும் பெண்களின் கதை வேறு. ஒரு பீடிகூடத் தொடாதவர்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில் 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் புகைபிடிக்காதவர் என்பதாலேயே இவர்களுக்கு மூச்சுச் சோதனை செய்யும் எண்ணமே பலருக்கு வருவதில்லை. “பீடி சிகரெட் உண்டா?” என்ற கேள்வியோடு நிறுத்தாமல், “வீட்ல கேஸா, விறகாம்மா?” என்று கேட்பவர் செவிலியராகத்தான் இருப்பார்.

பட்டாசு விபத்தில் வரும் மூச்சு இன்னொரு வகை. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். இத்தகைய நோயாளியின் தோல் காயத்தையே எல்லோரும் பார்ப்பார்கள். மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பது செவிலியரின் வேலை. இவை இருந்தால் தொண்டைக்குள் வீக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; சில மணி நேரத்தில் மூச்சுக்குழலே அடைத்துவிடலாம், குழாய் போடுவதைத் தள்ளிப்போட முடியாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்று எண்ணி 98 காட்டும். இங்கே 88–92 கணக்கெல்லாம் கிடையாது. முழு அளவு ஆக்சிஜன் உடனே தர வேண்டும்.

காசநோயையும் விட்டுவிட முடியாது. 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியான அன்றே ஒவ்வொருவரையும் சில எளிய அளவுகளால் தரம் பிரிக்கிறது. உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழா, தாங்கலில்லாமல் நிற்க முடிகிறதா. ஒன்றில் தவறினாலும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் பரிசோதித்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். விலையுயர்ந்த சோதனை எதுவும் இல்லை. எடை மெஷின், விரல் கருவி, கடிகாரம். காசநோயில் இறப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சையின் முதல் சில வாரங்களிலேயே இறப்பதால் இந்தத் தரம் பிரிப்பு பொருள் நிறைந்தது.

குழாய் போட்ட பிறகு

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டலாம் என்றார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் மாற்றி மாற்றி மாதக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இறப்பு மளமளவென்று குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதன் கரு ஒரு நோயாளிக்கு எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் என்பது. வென்டிலேட்டர் பிறகு வந்தது.

வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும். மற்ற எல்லாம் மனிதக் கை. குழாயின் உள்ளே சளி அடைக்காமல் உறிஞ்சி எடுக்க வேண்டும், அதற்கு முன் ஆக்சிஜனைக் கூட்டி, ஒருமுறைக்கு 10–15 விநாடிக்கு மேல் போகாமல். குழாயின் பலூன் அழுத்தம் 20க்கும் 30க்கும் இடையே. குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், கூடினால் மூச்சுக்குழல் புண்ணாகும். தலைப்பக்கம் 30 பாகைக்குக் குறையாமல். வாயைத் துடைக்க வேண்டும். காது மடலுக்குப் பின்னால் கயிறு அறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்துத் துளையைச் சுற்றி வைக்கும் காஸ் துணி ஈரமானால் மாற்ற வேண்டும். அந்தத் துணி சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாகவே இருக்கலாம்.

குப்புறப் படுக்கவைப்பது கொரோனாவில் எல்லோரும் அறிந்த வித்தை. அதற்கு முன்பே, 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், கடுமையாக நுரையீரல் பாதித்து வென்டிலேட்டரில் இருந்தவர்களை நாளுக்கு 16 மணி நேரம் குப்புறக் கிடத்தியபோது 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகப் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் குழாய்களோடு ஒருவரைத் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும்.

ஆளும் விகிதமும்

அந்த நாலைந்து பேர் எங்கே? இந்திய செவிலியர் கவுன்சிலின் நெறிப்படி கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர். இரவுப் பணியில் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் காட்சி தமிழகத்தில் யாருக்கும் புதிதல்ல. நாற்பது படுக்கைகளிலும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினால், ஒரு சுற்றுக்கே நாற்பது நிமிடம். கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதப்படுவதன் காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியுமா?

2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. அவர்களும் தெருவுக்கு வந்தார்கள். முகமூடியைப் பொருத்தவும், திருகைக் குறைக்கவும், குப்புறக் கிடத்தவும் உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர்கள் அவர்கள். ஆக்சிஜன் கலன்கள் மருத்துவமனையிலேயே இருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த அனுபவம் வெளியே போனது.

ஆள் கூடினாலும் அதிகாரம் ஒரு சிக்கல். பல வார்டுகளில் ஆக்சிஜன் ‘4 லிட்டர்’ என்று எழுதப்படுகிறதே தவிர ‘88–92க்குள் வைக்கவும்’ என்று எழுதப்படுவதில்லை. இலக்கை மருத்துவர் எழுதி, லிட்டரைச் செவிலியர் மாற்றிக்கொள்ள அனுமதிப்பதே பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் வழிகாட்டி நெறி. நள்ளிரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பாமலேயே ஒரு திருகைக் குறைக்கும் உரிமைதான் அது. 2022 ஜனவரி 12இல் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. மாவட்டத்துக்குள்ளேயே கற்பிக்கும் மருத்துவமனை வந்த பிறகு, இந்த நெறியை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனைகள் வரை கொண்டுவருவது கடினமான காரியம் இல்லை.

வீடு திரும்பிய பின்

நுரையீரல் நோயாளி வருடத்தில் சில நாட்கள் வார்டில், மீதி நாட்கள் வீட்டில். மார்கழிப் பனியில், ஆண்டாள் கோயிலுக்கு விடியற்காலையில் கிளம்பும் பெரியவர்களுக்கு மீண்டும் இளைப்பு தலைதூக்கும். அப்போது கையில் இருக்க வேண்டிய இன்ஹேலர் பல வீடுகளில் பீரோவுக்குள் இருக்கும். “பழகிப்போயிரும்னு சொன்னாங்க” என்ற பயத்தை உடைப்பது செவிலியரின் பேச்சுதான். மூச்சை முழுக்க விட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வயதானவருக்கு ஸ்பேசர் குழாய் பொருத்திக் கொடுத்தால் கை தவறினாலும் மருந்து வீணாகாது. ஒருமுறை செய்து காட்டினால் போதாது. ஒவ்வொரு வருகையிலும் “நீங்க செஞ்சு காட்டுங்க தாத்தா” என்று கேட்க வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு நாளில் குறைந்தது 15 மணி நேரம் வேண்டும் என்பது 1980, 81இல் வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகளின் முடிவு. ஓய்வில் அளவு மிகவும் இறங்கியவர்களுக்கே அந்தப் பயன். லேசாகக் குறைந்தவர்களுக்குப் பலனில்லை என்று 2016இல் இன்னோர் ஆய்வு சொன்னது. மிஷின் வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். மின்வெட்டு நேரத்துக்கு ஒரு சிலிண்டர், குழாய் பூஜை விளக்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவி என்று சொல்லித்தரும் ஆளும் செவிலியரே.

இத்தனையிலும் இந்த வட்டாரத்தில் விடுபட்டுப்போகும் ஒரு வரி உண்டு. மூச்சு நோயாளியின் கேஸ் ஷீட்டில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதப்படுகிறது. பிஸினோசிஸ் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த, அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அட்டவணையில் வைத்திருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவர் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும்; இழப்பீட்டுக்கும் இ.எஸ்.ஐ. பலன்களுக்கும் அது தொழில்நோய். மூச்சு எண்ணும் அந்த ஒரு நிமிடத்தோடு இன்னும் அரை நிமிடம் சேர்த்து, எந்த மில், எந்தப் பிரிவு, எத்தனை வருடம், திங்கட்கிழமை நெஞ்சு இறுகுமா என்று செவிலியர் கேட்டு எழுதினால், வேலையை விட்டு வீட்டில் மூச்சிரைத்துக் கிடக்கும் பழைய கார்டிங் தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க ஓர் ஆவணம் கிடைக்கும். அந்த வரி எழுதப்படாதவரை மாவட்டத்தின் கணக்கில் பிஸினோசிஸ் இல்லை; ஆஸ்துமா மட்டும் இருக்கிறது.